காந்தமும் கம்பியும் கைத்திறனும்

விழா மலர் ஒன்று வெளிவரும் போதெல்லாம் பழைய மாணவர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றே. நம்மை ஆளாக்கிய கல்லூரிக்கு நாம் எதனை ஈவது? சிலர் வாயில் வளைவு என்பர். சிலர் மண்டபம் என்பர். வேறு சிலர் சிலை என்பர். இவை யாவும் வேண்டற்பாலனவே. அவற்றைக் குறைத்துக் கூறுவது நம் கருத்தன்று. ஆயின், அவற்றிற்கு ஆகும் செலவில் மிகச் சிறிய பங்கினால் முடியக்கூடியதும், பயனில் அவற்றிற்குக் குறையாததுமான ஒன்றனை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம். மாணவன் ஒருவன் தன் வீட்டிலுள்ள மின் கிற்றாரைக் கொண்டுவந்து, அதன் மூடியைக் கழற்றி, அதன் ஒலியைத் தன் கையாலேயே திருத்திக்கொள்ளத்தக்க ஒரு வேலை மேசையே அது.

இதனைப் படிக்கும் அன்பருள் சிலர் நகைக்கக்கூடும். சைவமும் தமிழும் வளர்க்கவென எழுந்த ஓர் இந்துக் கல்லூரியின் மலரில் மின் கிற்றாருக்கு என்ன வேலை என்று வினவவும் கூடும். அவ்வினாவுக்கு விடை பின்னர்க் கூறுவோம். முதலில் நம் வீடுகளின் நிலையைப் பார்ப்போம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்த உறவினர் கொணர்ந்த கிற்றார், கொழும்பில் மலிவு விலைக்கு வாங்கிய கிற்றார், அண்ணன் விட்டுச்சென்ற கிற்றார் என ஏதோவொன்று இன்று குடாநாட்டின் பல வீடுகளில் உண்டு. தொடக்கத்தில் அது ஆசையோடு மீட்டப்படுகின்றது. சில மாதம் கழிந்ததும், 'இதன் ஒலி நன்றாயில்லை, இரைகின்றது, மெலிந்து கேட்கின்றது' என்று சொல்லி மூலையில் சாத்தப்படுகின்றது. பின்னர், இதனிலும் விலை கூடிய வேறொன்று வேண்டுமென்று வெளிநாட்டுக்குத் தொலைபேசி அழைப்புப் போகின்றது. குறை எங்கேயுள்ளது என்று மூடியைத் திறந்து பார்த்தவர் எத்துணைப் பேர்? நம் கவலை அதுவே.

மின் கிற்றாரின் உயிர்நிலை, தந்திகளின் கீழே பதிக்கப்பட்டிருக்கும் 'பிக்கப்' என்னும் சிறு பொருளாகும். பெயர் அயலதாயினும் அதன் தத்துவம் நம் உயர்தர வகுப்பு மாணவர் யாவரும் நெட்டுருப்பண்ணிய ஒன்றே. சில காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றி எனாமல் பூசிய நுண்ணிய செப்புக் கம்பிச் சுருள், இவ்வளவே அது. தந்தி உருக்கினால் ஆனது; காந்தத்தின் அருகே இருத்தலால் தானும் காந்தத்தன்மை பெறுகின்றது. அத்தந்தி அதிரும்போது சுருளினூடு செல்லும் காந்தப்பாயம் மாறுகின்றது. பாயம் மாறுமிடத்து மின்னியக்க விசை தூண்டப்படும் என்பது மைக்கல் பரடே 1831 இல் கண்டறிந்த விதி. அவ்வாறு பிறக்கும் மிகச் சிறிய மின்னழுத்தமே விரியலாக்கியினால் பெருக்கப்பட்டு ஒலிபெருக்கியினூடு இசையாகின்றது. கம்பியின் நுண்மையை எண்ணினால் வியப்பு மேலிடும். பெரும்பாலும் அதன் விட்டம் 0.063 மில்லிமீற்றர் அளவினது, தலைமயிரோடு ஒப்பிடத்தக்கது. ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்றில் ஏறத்தாழ 8000 சுற்றுக்கள் அமைவதுண்டு. சுற்றியதை அவிழ்த்து நீட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளும். அதன் தடை ஏறக்குறைய 6000 ஓம். நம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளினுள் ஒரு கிலோமீற்றர் கம்பி உறங்குகின்றது என்பதை அறிந்த மாணவன் அதனை மீண்டும் அலட்சியமாக நோக்கான்.

இக்கருவி பெரிய ஆய்வுகூடத்தில் தோன்றியதன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அமெரிக்க இசைஞரான ஜோர்ஜ் பீச்சம் என்பார் தம் வீட்டு உணவு மேசையிலே பலவாறு முயன்று இதனை உருவாக்கினர் என்பர். சுருள் சுற்றுதற்குச் சலவை இயந்திரத்தின் மோட்டாரைப் பயன்படுத்தினார் என்றும், தையல் இயந்திரத்தின் மோட்டாரைப் பயன்படுத்தினார் என்றும் இருவேறு கதைகள் வழங்குகின்றன. வீட்டுப் பொருள் என்பதில் இரு கதையும் ஒத்தனவே. 1930 களின் தொடக்கத்தில் அடோல்ப் றிக்கன்பக்கருடன் கூடி அவர் வெளியிட்ட கருவி, வட்டமான உடலும் நீண்ட கைப்பிடியும் உடைமையால் பொரிக்கும் தாச்சியின் பெயரால் வழங்கலாயிற்று. அதற்குரிய காப்புரிமை 1937 இல் கிடைத்தது. மடியிற் கிடத்தி, தந்தியின் மேல் உருக்குத் துண்டொன்றை வழுக்கி வாசிக்கும் கருவி அது. நம் கோட்டுவாத்தியம் வாசிக்கப்படும் முறையும் அதுவே என்பதை இசை அறிந்தோர் உடனே காண்பர். ஆகவே, மின் கிற்றார் வகையில் முதன்முதல் விலைக்கு வந்த வெற்றிக் கருவி, வாசிப்பு முறையால் நம் கோட்டுவாத்தியத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று கூறினும் இழுக்கில்லை.

மாணவர்க்கு எடுத்துக்காட்டத்தக்க வரலாறு இன்னுமொன்று உண்டு. இங்கிலாந்தில் 1963 ஆம் ஆண்டளவில் பிறையன் மே என்னும் பள்ளி மாணவனுக்கு நல்ல மின் கிற்றார் வாங்கப் பொருள் வசதி இருக்கவில்லை. இலத்திரனியல் அறிந்த தந்தையும் மகனும் சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தைக் கழுத்தாகச் செதுக்கி, மோட்டார்ச் சைக்கிளின் வால்வு விற்சுருளைப் பொருத்தி, வீட்டிலேயே ஒரு கிற்றாரைச் செய்து முடித்தனர். பிக்கப்பையும் முதலில் தாமே செய்தனர். அது மனத்துக்கு நிறைவு தராமையால் விலைக்கு வாங்கிய பிக்கப்பைப் பொருத்தினர். வாங்கியதையும் வாங்கியவாறே விட்டாரல்லர். சுருளின் கம்பிகள் தாமே அதிர்ந்து கீச்சிடாதபடி, இறுகும் பசையொன்றை அதனுள் நிரப்பித் திருத்தினர். அக்கிற்றாரோடு அவர் உலகப் புகழ் எய்தினார்; 2007 இல் வானியற்பௌதிகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். இசையும் விஞ்ஞானமும் ஒரே மேசையில் வளரக்கூடியன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி நம் இசைக்கு அண்மையில் வருவோம். ஆந்திரத்தின் பாலக்கொல்லுவில் 1969 இல் பிறந்து, 2014 இல் சென்னையில் மறைந்த உ. சிறீநிவாஸ் அவர்களின் மாண்டலின் இசையைக் கேளாத இசையன்பர் நம்மிடையே அரியர். மேலைநாட்டு மாண்டலினில் தந்திகள் இணை இணையாக எட்டு. அதன் நாதம் மீட்டியவுடன் விரைவில் மடிந்துவிடும். நம் இராகங்களோ கமகத்தால் உயிர் வாழ்வன. ஒரு சுரத்தை அசைத்து, இழுத்து, அடுத்த சுரத்தில் இறக்கும் வரையும் நாதம் நிலைத்து நிற்றல் வேண்டும். அவர் மின் மாண்டலினைக் கைக்கொண்டு, இணைத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகளாக்கி, ஐந்து தந்திக் கருவியாக அமைத்துக்கொண்டார். பிக்கப்பும் விரியலாக்கியும் நாதத்தை நீட்டின. ஒற்றைத் தந்தி கமகத்துக்கு வளைந்து கொடுத்தது. கருநாடக இசைக்கு ஆகாது என எண்ணப்பட்ட கருவி அரங்கின் நடுவில் அமர்ந்தது. கருவியை வந்தவாறே ஏற்றிருந்தால் இது நிகழ்ந்திராது. திருத்தியமையாலே நிகழ்ந்தது.

வீணைக்கும் இக்கலை பயன்படும். ஆயின் சிந்தித்தே பயன்படுத்தல் வேண்டும். காந்தப் பிக்கப் உருக்குத் தந்தியின் அசைவையே நன்கு உணரும். வீணையின் மேல்தந்திகள் உருக்கு. கீழ்த்தந்திகளுக்கோ பித்தளை இடுவது வழக்கம். எனவே கிற்றாரின் பிக்கப்பை அப்படியே வீணையில் வைத்தால் சாரணி முழங்கும், மந்தரம் மங்கும். அன்றியும், வீணையின் நாதத்துக்குச் சிறப்புத் தருவது குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டிலே தந்தி தொட்டும் தொடாமலும் அதிர்வதால் எழும் இனிமை. காந்தப் பிக்கப் தனக்கு நேர்மேலே அசையும் தந்தியை அறியுமேயன்றி, பலாமரக் குடத்தின் முழக்கத்தை அறியாது. இவற்றை உணர்ந்த ஒருவனே வீணைக்கு எவ்வகைக் கருவி பொருந்தும் என்று தீர்மானிக்க வல்லவன். மருதனார்மடத்தில் வீணை பயிலும் மாணவியரும் நம் கல்லூரியில் பௌதிகவியல் பயிலும் மாணவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து இதனை ஆராய்ந்தால், இரு சாராரும் அடையும் பயன் பெரிது.

கருவியின் ஒலியைத் தன் கையால் திருத்துதல் நமக்குப் புதிதன்று. இணுவில் முதலாய ஊர்களிலே நாதசுர வித்துவான்கள் சீவாளியைச் சீவியும் நனைத்தும் கயிற்றை இறுக்கியும் தமக்கு வேண்டிய குரலை வரவழைத்துக்கொள்வதை நாம் கண்டிருக்கின்றோம். மிருதங்கக்காரர் இடப்பக்கத் தோலில் ரவையைக் குழைத்து அப்புவதும், வேண்டிய அளவு வந்ததும் நிறுத்துவதும் அரங்கிலேயே நிகழ்வன. தம்புராவின் குதிரையில் ஒரு நூலிழையை முன்னும் பின்னும் நகர்த்தினால் நாதம் மலர்வதும் கூம்புவதும் யாவரும் அறிந்ததே. வீணையிலோ மெழுகிற் கரி கலந்து, அதன் மேல் மெட்டுக்களைப் பதித்து, சுருதி பார்த்து நகர்த்தி மேளம் கட்டுவர். பிக்கப்பின் சுருளுக்கும் மெழுகு ஊட்டுவதுண்டு என்று பின்னே கூறப்போகின்றோம். மெழுகும் நூலும் தோலும் கொண்டு ஒலியை ஆண்ட மரபினர்க்கு, காந்தமும் கம்பியும் அந்நியமாதல் எங்ஙனம்?

குடாநாட்டின் அண்மைக்கால வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1990 களின் முற்பகுதியில் இங்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரிகளும் கிடைத்தற்கு அரியவாயின. அந்நாளில் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, தைனமோவிலிருந்து பெற்ற மின்னைக் கொண்டு வானொலி கேட்டவர்கள் நாம். செய்தி கேட்கத் தம்பி சுற்றினான். பாட்டுக் கேட்கத் தங்கை சுற்றினாள். அந்தத் தைனமோ என்பது யாது? ஒரு காந்தம்; ஒரு சுருள்; பாயத்தின் மாற்றம். கிற்றாரின் பிக்கப் அதற்கு உடன்பிறப்பே. சக்கரம் சுழல்வதற்குப் பதிலாக இங்கே தந்தி அதிர்கின்றது, வேற்றுமை அவ்வளவே. அன்று இருளில் இருந்து பரடேயின் விதியைக் கையாற் கற்ற மாணவர், இன்று பழைய மாணவராய் இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கின்றனர். அவர்தம் பிள்ளைகளோ அவ்விதியைத் தாளில் எழுதி முழுப்புள்ளி பெறுகின்றனர். சுருள் ஒன்றைச் சுற்றியறியார். தட்டுப்பாடு நமக்குக் கற்பித்ததை வசதி மறப்பித்துவிட்டதோ என்பதே நம் அச்சம். அக்காலம் மீண்டும் வரவேண்டுமென எவரும் விரும்பார். எனினும் அக்காலம் வளர்த்த கைத்திறன் அக்காலத்தோடே மாண்டுபோதலும் தகாது.

இனி, வீட்டில் இருந்து செய்யத்தக்கவற்றை முறையாகக் கூறுவோம். பணம் செலவாகாதவற்றை முதலிற் செய்தல் அறிவுடைமை. பிக்கப்பின் இரு ஓரத்திலும் உள்ள திருகாணிகளால் அதன் உயரத்தை மாற்றலாம். தந்தியைக் கடைசிக் கட்டில் அழுத்திப் பிடித்து, அதற்கும் காந்தத்துக்கும் இடையே ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் இடைவெளி வைத்துத் தொடங்கி, காதையே நடுவராக்கி ஏற்றியும் இறக்கியும் பார்த்தல் வேண்டும். மிக அண்மித்தால் ஒலி உரக்கும், ஆயின் காந்தம் தந்தியைப் பிடித்திழுத்து அதன் இயல்பான அதிர்வைக் கெடுக்கும், சுருதி தடுமாறும். இவ்வொரு செயலினாலேயே மலிவான பல கிற்றார்கள் வாய்திறந்து பேசத் தொடங்கும்.

அடுத்தது, பலரும் நினையாத ஒன்று: கிற்றாரிலிருந்து விரியலாக்கிக்குச் செல்லும் வடம். சுருளுக்குத் தூண்டல் உண்டு. வடத்துக்குக் கொள்ளளவம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒரு குறித்த மீடிறனில் பரிவு நிகழும். சுருளின் தூண்டல் 2.5 ஹென்றி எனக் கொள்வோம். வடத்தின் கொள்ளளவம் மீற்றருக்கு 100 பிக்கோபரட் எனின், 5 மீற்றர் வடத்துக்கு 500 பிக்கோபரட். ஏனைய சிறு கொள்ளளவங்களை ஒதுக்கிக் கணக்கிட்டால் பரிவு மீடிறன் ஏறத்தாழ 4500 ஹேர்ட்ஸ். வடத்தை 10 மீற்றராக்கினால் அது ஏறத்தாழ 3200 ஹேர்ட்ஸுக்கு இறங்கும். மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள்ளேயே இம்மாற்றம் நிகழ்தலால், கிற்றாரைத் தொடாமலே அதன் குரல் மாறிவிடுகின்றது. தேர்வுத் தாளில் இக்கணக்கைச் செய்வதும், செய்த கணக்கின் விடையைக் காதாற் கேட்பதும் ஒன்றாகா.

மூன்றாவது, உள்ளேயிருக்கும் மாறுந்தடைகளும் தொனிக் கொள்ளளவியும். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோஓம் தடையும், இரட்டைச் சுருளுக்கு 500 கிலோஓம் தடையும் இடுதல் பொது வழக்கம். தடையைக் கூட்டினால் ஒலி துலங்கும், குறைத்தால் அடங்கும். தொனிக் கொள்ளளவி 0.047 மைக்குரோபரட் ஆயின், திருகியை மூடும்போது ஒலி மிகவும் இருண்டுபோம், 0.022 ஆக்கினால் அவ்வளவு இருளாது. இவ்வுறுப்புக்களின் விலை சொற்பம். பற்றாசுக் கோலைப் பிடித்துப் பழகுதற்கு இதனிலும் நல்ல பாடம் இல்லை.

நான்காவது இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. சுவரிலும் விளக்கிலும் ஓடும் அவ்வலையைச் சுருள் பிடித்துக்கொண்டு முனகும். கிற்றாரின் உட்குழிவு முழுவதும் செப்புத் தகட்டை ஒட்டி நிலத்தொடுப்பாக்கினால் மின்புலத்தால் வரும் இரைச்சல் பெரிதும் குறையும். காந்தப்புலத்தால் வரும் முனகலுக்கோ தகடு போதாது. அதற்கு 1955 இல் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் என்பார் கையாண்ட வழி அழகியது. இரு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றுக்கொன்று எதிராக இணைத்து, காந்த முனைகளையும் எதிரெதிராக அமைத்தார். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிர்ப்பட்டு அழிய, தந்தியின் இசை இரண்டிலும் ஒத்துச் சேர்கின்றது. இதனைப் படம் வரைந்து விளக்கும் மாணவன் தூண்டல் பற்றிய எவ்வினாவுக்கும் அஞ்சான்.

ஐந்தாவது மெழுகூட்டல். சுற்றுக்கள் தளர்ந்திருந்தால் அவை தாமே அதிர்ந்து, விரியலாக்கியை உரக்க வைத்ததும் கீச்சிடும். வெண்மெழுகிற் சிறிது தேன்மெழுகு சேர்த்து உருக்கி, ஏறத்தாழ 65 பாகை செல்சியசில் வைத்து, பிக்கப்பை அதனுள் அமிழ்த்தி, காற்றுக் குமிழிகள் எழுவது நிற்குமட்டும் பொறுத்திருந்து எடுத்தல் வேண்டும். மெழுகுப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்தே சூடேற்றுக. அடுப்பின் நெருப்பில் நேரே வைத்தால் மெழுகு தீப்பற்றும். சூடு மிகுந்தால் பிளாத்திக்குச் சட்டமும் நெளியும்.

இறுதியாகவே சுருளை மீளச் சுற்றும் வேலைக்கு வருதல் வேண்டும். இதிற் பொறுமையே முதலீடு. சற்று இறுக்கினால் கம்பி அறும். சற்றுத் தளர்த்தினால் சுருள் புடைக்கும். தொடங்குவோர் யாவரும் கருதுவது, சுற்றுக்களைக் கூட்டினால் ஒலி சிறக்கும் என்பதே. சுற்றுக் கூடினால் ஒலி உரக்கும் என்பது மெய். ஆயின் தூண்டலும் கூடிப் பரிவு மீடிறன் தாழ்ந்து, துலக்கம் குன்றும். உரத்த குரலும் இனிய குரலும் ஒன்றல்ல என்பதை மேடைப் பேச்சாளர்க்கு உணர்த்துவது அரிது. சுருள் சுற்றும் மாணவனுக்கு அது ஒரு நாளில் விளங்கும். இவற்றை எல்லாம் செய்யுங்கால் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. மாற்றுமுன்னும் மாற்றியபின்னும் பல்மானியால் அளந்து குறித்து வைக்குக. கழற்றிய பழைய உறுப்பை எறியாது பேணுக. பிக்கப்பில் உயிருக்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் எதுவும் இல்லை. விரியலாக்கியின் உள்ளேயோ, சிறப்பாக வால்வு பூட்டிய பழைய வகைகளில், மின்தொடுப்பை அகற்றிய பின்னரும் கொல்லும் அழுத்தம் தங்கியிருக்கும். வழிகாட்டியின்றி அதனைத் திறத்தல் ஆகாது.

இனித் தடைகளுக்கு விடை கூறுவோம். நாதம் விரலில் உள்ளதேயன்றிக் கருவியில் இல்லை என்பர் சிலர். ஆடமாட்டாதவள் நிலம் கோணல் என்ற கதையை எடுத்துக்காட்டுவர். இதில் உண்மை உண்டு; விரல் பழகாதவனுக்கு எந்தப் பிக்கப்பும் துணை செய்யாது. எனினும் நிலம் மெய்யாகவே கோணலாயிருந்தால் அதனைச் செப்பஞ் செய்தபின் ஆடுவதிற் குற்றம் என்ன? மேலும், எது நிலத்தின் கோணல், எது காலின் கோணல் எனப் பகுத்தறியும் ஆற்றல் தன் கருவியைத் திறந்து பார்த்தவனுக்கே வாய்க்கும். மற்றவன் ஆயுள் முழுதும் கடைக்காரன் சொல்லையே நம்பியிருப்பான்.

தேர்வுக்கு இது உதவுமோ என்று பெற்றோர் கேட்பர். சுரமானியில் தந்தியை மீட்டி, இசைக்கவையோடு ஒப்பிட்டு மீடிறன் காண்பது உயர்தரப் பௌதிகவியற் செய்முறைகளுள் ஒன்று. கிற்றார் என்பது ஆறு தந்திகொண்ட சுரமானியன்றி வேறன்று. தந்தியின் நீளத்தில் நான்கிலொரு பங்கு தொலைவில் பிக்கப்பை வைத்தால், திறந்த தந்தியின் நான்காம் இசையத்துக்கு அங்கே கணு அமைதலால் அவ்விசையம் கேளாது. பாலத்தின் அருகே வைத்தால் மேலிசையங்கள் மிகுந்து ஒலி கூராகும். நிலையான அலை, பரிவு, தூண்டல், கொள்ளளவம் என வெவ்வேறு பாடங்களாய்ச் சிதறிக் கிடப்பவை இங்கே ஒன்றுகூடுகின்றன. தனியார் வகுப்புக்களில் இரவு பகலாய்ப் பெறும் குறிப்புக்கள் தேர்வு மண்டபத்தின் வாயிலிலே நம்மை விட்டு நீங்குவன. கையால் உணர்ந்த அறிவு நீங்காது.

கிற்றார் அந்நியக் கருவி என்பாருக்கு ஒன்று கூறுவோம். வயலினும் அந்நியக் கருவியே. 1786 முதல் 1858 வரை வாழ்ந்த பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்கு இசைவித்தார். இன்று அஃதின்றிக் கச்சேரி இல்லை. அவர் வயலினின் பிறப்பிடத்தைக் கேட்டு விலக்கியிருந்தால் நட்டம் நம்முடையதே.

எல்லாவற்றினும் பெரிய தடை ஒன்று உண்டு. அதனை வெளிப்படையாகக் கூறுவார் சிலரே. எழுத்தறிந்தவன் உளியையும் பற்றாசுக் கோலையும் தொடுவது தாழ்வு என்னும் எண்ணம் நம் சமூகத்தில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. கைவினை செய்தோரை ஒதுக்கி வைத்த பழிக்கு அவ்வெண்ணமும் ஒரு துணை. இன்று வாயளவில் அதனை மறுக்கின்றோம். ஆயினும் நம் பிள்ளை வானொலி திருத்தும் கடையில் விடுமுறையைக் கழிக்க விரும்பினால் முகம் சுளிக்கின்றோம். பொறியியலாளன் ஆகவேண்டுமென்று விரும்புகின்றோம். திருகாணி திருகக் கூடாதென்றும் விரும்புகின்றோம். இம்முரண்பாடு நீங்காத வரையில் நம் விஞ்ஞானக் கல்வி தாளிற் பூத்த மலராகவே இருக்கும்.

ஆதலின், இவ்விழாவையொட்டி நாம் வேண்டுவது இதுவே. கல்லூரியில் ஓர் அறை, அதில் உறுதியான ஒரு மேசை, நான்கைந்து பற்றாசுக் கோல், இரண்டு பல்மானி, நுண்கம்பி உருளை சில, பழைய தையல் இயந்திர மோட்டார் ஒன்றால் அமைத்த சுருள் சுற்றும் பொறி, சுற்றுக்களை எண்ணுதற்கு ஒரு சிறு எண்ணி, செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் பயனையும் எழுதி வைக்க ஒரு தடித்த பதிவேடு. அப்பதிவேடு ஆண்டுதோறும் வளர்ந்து, முன்னவன் கண்டதைப் பின்னவன் தொடர வழிசெய்தல் வேண்டும். கிற்றாரோடு தொடங்குவது நாளடைவில் வீணைக்கும் ஒலிபெருக்கிக்கும் செவிப்புலன் குன்றியோர்க்கான கருவிக்கும் செல்லக்கூடும். இங்கே கற்பிக்கப் பட்டதாரி ஆசிரியர் மட்டும் போதார். நகரில் வானொலியும் ஒலிபெருக்கியும் திருத்தி நரைத்த தொழிலாளர் உள்ளனர். அவர்களை அழைத்து, ஆசிரியர்க்குரிய மரியாதையோடு அமர்த்தி, அவர்தம் கைத்திறனை நம் பிள்ளைகளுக்கு ஊட்டச் செய்தல் வேண்டும். கடல் கடந்து வாழும் பழைய மாணவ அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்கு வரும்போது புதிய கிற்றார் ஒன்றைச் சுமந்து வருவதினும், கம்பியுருளை ஒன்றையும் இரண்டு வார ஓய்வையும் கொண்டுவருக. முன்னது ஒருவனுக்கு மகிழ்ச்சி. பின்னது ஒரு வகுப்புக்கே வாழ்வு.

ஆண்டுதோறும் வாணி விழாவில் கலைமகளின் திருமுன் நூல்களை அடுக்கி வைக்கின்றோம். அவள் திருக்கரத்தில் ஏந்தியிருப்பதோ நூலொடு வீணையும் ஆகும். வீணை கைவினைஞன் ஒருவன் மரத்தைக் குடைந்து மெழுகிட்டுத் தந்தி பூட்டி அமைத்த கருவி. ஆயுத பூசையில் தொழிலாளர் தம் கருவிகளுக்குப் பொட்டிட்டு வணங்குவதும் நம் மரபே. இனிவரும் வாணி விழாவில் நம் மாணவர் அடுக்கும் நூல்களின் பக்கத்தே, அவர்கள் தம் கையாற் சுற்றிய ஒரு சுருளும் இடம்பெறுமாயின், கல்லூரி எந்நோக்கத்துக்காக எழுந்ததோ அந்நோக்கம் மேலும் ஒரு படி நிறைவுறும். வாழ்க நம் கல்லூரி; வளர்க அதன் கைத்திறன்.